பழைய சேவையகமும் பெரிய வன்தட்டுகளும்

விழா ஆண்டுகளிற் கல்லூரிகளுக்கு நன்கொடைகள் வந்து குவிதல் இயல்பு. மண்டபத்துக்கும் மதிலுக்கும் வழங்கிய பொருள் யாவர் கண்ணுக்கும் தெரியும். அலுவலக அறையின் மூலையில் இரைந்துகொண்டிருக்கும் சேவையகக் கணினிக்கு வழங்கிய பொருளை எவரும் காணார். ஆயினும் மாணவர் பதிவுகள், பரீட்சைப் புள்ளிகள், பழைய சஞ்சிகைகளின் படப்பிரதிகள் முதலியன இக்காலத்தில் அதனுள்ளேயே உறைகின்றன. அஃது இடமின்றி நிறைந்தவிடத்துப் புதிதொன்று வாங்குக என்பார் ஒரு சாரார். பெரிய வன்தட்டுகளைப் பூட்டினாற் போதும் என்பார் மற்றொரு சாரார். நாம் பின்னவர் பக்கமே நிற்கின்றோம். எனினும் அவர் கருதுமளவுக்கு இக்கருமம் எளிதன்று.

கோப்புகளைக் காத்து வழங்குதலாகிய தொழிலுக்கு மிகுந்த கணிப்பு வேகம் வேண்டியதில்லை. 2009 ஆம் ஆண்டு வெளிவந்த டெல் பவர்எட்ஜ் ஆர்710 என்னும் றாக்கைச் சேவையகத்தை எடுத்துக்கொள்வோம். அலுவலகங்கள் பல அதனைக் கழித்துவிட்டன. ஆயினும் இத்தொழிலை அஃது இன்றும் செவ்வனே செய்யவல்லது. மூன்றரை அங்குலத் தட்டுகள் ஆறு கொள்ளும் அமைப்பும் அதிலுண்டு. இடர்ப்பாடு தட்டுகளை ஆளும் கட்டுப்பாட்டு அட்டையிலேயே உளது. அதிலிருப்பது பேர்க் 6/ஐ என்னும் அட்டையாயின், எத்துணைப் பெரிய தட்டைப் பூட்டினும் 2 டெராபைற்றுக்கு மேற் பயன்கொள்ள இயலாது. தட்டின் பரப்பு 512 பைற்றுக் கொண்ட சிறு கூறுகளாக எண்ணப்படுகின்றது. அவ்வெண்ணை 32 பிற்றுகளில் எழுதினால், ஏறக்குறைய 429 கோடி கூறுகளுக்கு அப்பால் எண்ண வழியில்லை. அதனைப் பைற்றுக் கணக்கிற் பெருக்கின் 2.2 டெராபைற்றளவில் எல்லை வந்துவிடுகின்றது. ஆகவே முதலில் வாங்கவேண்டியது தட்டன்று. எச்700 போன்ற பிந்திய அட்டையும் அதற்குரிய வடமுமே. பழைய வடம் புதிய அட்டைக்குப் பொருந்தாது. அட்டையின் உள்மென்பொருளைப் புதுப்பித்து, ஒரேயொரு தட்டை வாங்கிப் பூட்டிப் பார்த்த பின்னரே ஏனையவற்றுக்குப் பணங் கட்டுதல் வேண்டும். பழைய எம்பிஆர் பிரிப்புமுறைக்கும் அதே எல்லை உண்டாதலால், பெரிய தொகுதியை ஜிபிரி முறையிற் பிரித்து, இயங்குதளத்தைச் சிறிய தனித்தொகுதியில் வைத்தல் தொல்லையற்ற வழியாகும்.

தட்டுகள் பலவற்றைப் பிணைத்து, ஒன்று பழுதுபட்டாலும் தரவு அழியாவண்ணம் காப்பது றெயிட் முறை. றெயிட் 5 ஒரு தட்டின் இழப்பைத் தாங்கும். றெயிட் 6 இரண்டின் இழப்பைத் தாங்கும். சிறு தட்டுகளின் காலத்தில் முன்னையதே போதியதாயிருந்தது. பழுதுபட்ட 1 டெராபைற்றுத் தட்டுக்குப் பதிலொன்று இட்டால், வினாடிக்கு 150 மெகாபைற்று வேகத்தில் இரண்டு மணித்தியாலத்துள் அது நிரம்பிவிடும். 8 டெராபைற்றுத் தட்டுக்கோ ஏறக்குறைய 15 மணித்தியாலம் வேண்டும். மாணவர் பணி இடையே நடப்பின் இன்னும் நீளும். அந்நேரம் முழுவதும் எஞ்சிய தட்டுகள் ஓய்வின்றி உழைக்கின்றன. அவற்றுள் இன்னொன்று வீழின் றெயிட் 5 இல் யாவும் போயின. சேவையகத்தை நிறுத்தாமலே பழைய தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதியவற்றை இடுதல் திறமையென மெச்சப்படுகின்றது. முதிர்ந்த தட்டுகளை ஆறுமுறை இச்சோதனைக்கு உள்ளாக்குவதை நாம் திறமையென ஒப்போம். பாடசாலைக்கு விடுமுறை என்று ஒன்று உண்டன்றோ? அக்காலத்தில் யாவற்றையும் வெளியே படியெடுத்து, புதிய தொகுதியைத் தொடக்கத்திலிருந்தே அமைத்து, மீள எழுதுதலே தக்கது. தட்டின் வகையையும் கேட்டறிதல் வேண்டும். தடங்களை ஓடுபோல ஒன்றன்மேலொன்று படிய எழுதும் எஸ்எம்ஆர் வகைத் தட்டுகள் இவ்வேலைக்கு மிக மந்தமானவை. வெஸ்டர்ன் டிஜிற்றல் நிறுவனத்தின் ரெட் வரிசையிலேயே சில தட்டுகள் அவ்வகையின என்பது 2020 ஆம் ஆண்டிலேதான் வெளிப்பட்டது.

இனி எமது முதன்மையான கருத்துக்கு வருவாம். ஆறு 8 டெராபைற்றுத் தட்டுகளையும் றெயிட் 5 இற் பிணைத்தால் 40 டெராபைற்று இடம் கிடைக்கும். அவ்வெண் நன்கொடைப் பலகையில் எழுதுதற்கு அழகியது. நாம் அதனை வேண்டோம். நான்கை மட்டும் றெயிட் 6 இற் பிணைப்பின் 16 டெராபைற்றுக் கிடைக்கும். எஞ்சிய இரண்டும் சேர்ந்து அதே 16 டெராபைற்று. அவ்விரண்டையும் வேறோர் ஊரில், சாதாரணக் கணினியொன்றிற் பூட்டி, இரண்டாம் படியாக வைத்தல் வேண்டும். மின்னலும் வெள்ளமும் திருட்டும் றெயிட் முறையை அறியமாட்டா. தவறுதலாக அழித்த கோப்பை அது தட்டுகள் நான்கிலும் ஒருங்கே அழித்துவிடும். 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கேனும் படியுள்ளவற்றைத் தேடிப் பெறலாம்; படியற்ற சுவடிகளை எப்பொருள் கொடுத்தும் பெறவியலாது. அதனைக் கண்ட சமூகத்தார் ஒரே அறையில் ஒரே பெட்டியை நம்பியிருத்தல் எவ்வாறு பொருந்தும்?

பழைய பொறி மின்சாரத்தை மிகுதியாக உண்ணும் என மறுப்போர் கூறுவது மெய்யே. செயலி இரண்டுள்ளதாயின் ஒன்றையும் அதற்குரிய நினைவகத்தையும் கழற்றிவிட்டால் ஓரளவு குறையும், முற்றாகத் தீராது.

கழற்றிய சிறு தட்டுகளை உடனே எவருக்கும் கொடுத்துவிடலாகாது. ஒரு தவணை முழுவதும், எவ்வரிசையிற் பூட்டியிருந்தன என்ற குறிப்போடு, அவை பெட்டியிலிருத்தல் வேண்டும். புதிய தொகுதியையும் வெளியூர்ப் படியையும் பொறுப்பாசிரியர் திறந்து வாசித்துப் பார்த்த பின்னர், மாணவரின் பெயரும் புள்ளியும் பிறர் கைப்படாதவாறு அவற்றை முழுமையாக அழித்து, கணினிக் கூடத்துப் பயிற்சிக்கு வழங்கலாம்.