255க்கு அடுத்து 511?
மகள் பள்ளிக்காக அர்டுயீனோ ஊனோவில் ஒரு காற்றுமானி செய்தாள். கிண்ணங்கள் ஒரு சுற்று வந்தால் சென்சார் ஒரு துடிப்பு அனுப்பும்; எண்ணிக்கையில் ஒன்று கூடும். எப்போதாவது 255க்கு அடுத்து 511 காட்டி, மறுபடி 257க்கு வந்துவிடும். "வயரை ஒழுங்கா மாட்டலை நீ"ன்னு சத்தம் போட்டேன். "சரியாத்தான் மாட்டியிருக்கேம்பா"ன்னு அழுதாள்.

ராத்திரி உட்கார்ந்து பார்த்தால், தப்பு வயரில் இல்லை. ஊனோவின் சிப் 8 பிட். 16 பிட் எண்ணை இரண்டு பாதியாகத்தான் படிக்கும். 255இன் கீழ்ப்பாதியைப் படித்து முடித்த கணத்தில், துடிப்பு வந்ததென்று இன்டரப்ட் குறுக்கே புகுந்து எண்ணை 256 ஆக்கிவிடுகிறது. கீழ்ப்பாதி பழசு, மேல்பாதி புதுசு: 511! 'வாலடைல்' என்று அறிவித்திருந்தாலும் இது நிற்காது.

வைத்தியம் சின்னதுதான். இன்டரப்டை நிறுத்தி, எண்ணை இன்னொரு மாறியில் நகலெடுத்து, உடனே திறந்துவிட வேண்டும். கணக்கு, திரை எல்லாம் அந்த நகலை வைத்துத்தான். ரொம்ப நேரம் பூட்டி வைத்தால் துடிப்புகள் தவறிப்போகும்.

காலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பாதி கேட்டுட்டு முடிவு கட்டினது நான்தானே? உங்க பிள்ளை "நான் சரியாத்தான் செஞ்சேன்"னு சொன்னா, ஒரு தடவை முழுசாக் கேளுங்க.