மழை கழுவாது

2013-இல் சென்னை தண்டையார்பேட்டை வீட்டுக் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. காரணம், துறைமுகத்திலிருந்து வந்த பாரத் பெட்ரோலியம் எண்ணெய்க் குழாயில் கசிவு. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. "கசிவை அடைத்தாயிற்று, குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் வருகிறது, மிச்சத்தை நாலு மழை கழுவிவிடும்" என்பது ஒரு வாதம். அதற்கு என் பதில்கள்:

1. அடைத்தது குழாயை. ஏற்கெனவே மண்ணுக்குள் இறங்கியதை அது எடுக்குமா?

2. மழை கழுவாது. பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட இலேசானவை. நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். மழையில் மட்டம் ஏறினால் எண்ணெயும் ஏறும், கோடையில் கூடவே இறங்கும். அந்த ஆழம் முழுக்க மண்ணில் அப்பிக்கொள்ளும். அடுத்த மழை அதிலிருந்து பென்சீனைக் கரைத்துப் பக்கத்துத் தெருவுக்குத் தள்ளும். பென்சீன் புற்றுநோய் தருவது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அந்த அளவு கண்ணுக்குத் தெரியுமா? நாக்குக்குத் தெரியுமா?

3. காலம் சரிசெய்யுமா? போபாலைப் பாருங்கள். 1984 விஷவாயுக் கசிவோடு நின்றுபோன பூச்சிக்கொல்லி ஆலை. 2025 ஜனவரியில்தான் அங்கிருந்த 337 டன் கழிவு எரிப்பதற்காகப் பீதம்பூருக்குப் போனது. மண்ணில் புதைந்ததும் நிலத்தடி நீரில் கலந்ததும் அந்தக் கணக்கில் இல்லை.

4. மெட்ரோ தண்ணீர் நிவாரணம், தூய்மைப்பணி அல்ல. தூய்மைப்பணி என்றால் மிதக்கும் எண்ணெயை உறிஞ்ச வேண்டும், மண்ணிலுள்ள ஆவியை இழுத்தெடுக்க வேண்டும், கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கணக்கில் சோதிக்க வேண்டும். முடிவுகளைத் தெருவில் தமிழில் ஒட்ட வேண்டும். செலவு கசியவிட்டவருடையது.