பழ ஈயும் இனப் பிரிவும்

வட்டக்கோட்டை என்னும் பெயரைக் கேட்போர் வட்டமான மதிலையே மனத்தில் எண்ணுவர். குமரிமுனைக்கு வடகிழக்கே கடலையடுத்து நிற்கும் அக்கருங்கற் கோட்டையோ நீள்சதுர வடிவினது. உயிரினங்களுக்கு மக்கள் இட்ட பெயர்களும் சிலபோது இவ்வாறே உண்மையை மறைத்துவிடுகின்றன.

அப்பக்கத்து வீடுகளில் வாழைக்குலை பழுத்தவுடன் சிற்றீக்கள் மொய்க்கும். பழ ஈ எனப்படும் அக்கூட்டத்துள் அனனாசே என்பது ஒரு வகை. மக்கள் குடியிருப்பை அண்டி வாழும் இவ்வீயைக் காசி இந்துப் பல்கலைக்கழக அறிஞர்கள் சம்மு முதல் கன்னியாகுமரி வரையிலும், துவாரகை முதல் திப்ருகர் வரையிலும் 45 இடங்களிற் பிடித்து ஆராய்ந்து, 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். ஈயைப் பிடித்து எண்ணுவதும் ஒரு கல்வியோ என நகைப்பாரும் உளர். அந்நகைப்பு பொருந்தாது.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்போர் செய்வதை நோக்குக. படியெடுத்தோர் செய்த ஒரே பிழை இரு சுவடிகளிற் காணப்படின், அவை ஒரு தாய்ச் சுவடியினின்று வந்தன என அவர் உய்த்துணர்வர். மரபணுக்களும் தலைமுறைதோறும் படியெடுக்கப்படுகின்றன. அப்போது நேரும் மாறுதல்கள் வழிவழியாக நிற்கின்றன. மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோமின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பிப் பொருந்துவதும் அத்தகைய மாறுதலே. அனனாசே ஈயில் இத்தகைய திருப்பங்கள் மூன்று உலகின் பல பகுதிகளிலும் காணப்படுகின்றன. நம் நாட்டு ஊர்களில் அவை ஒரே அளவில் இல்லை. ஊருக்கு ஊர் மிகுந்தும் குறைந்தும் இருந்தன. எனினும் அவ்வீக்கள் யாவும் ஓரினமே! இடைப்பட்ட ஊர்களை விட்டுச் சம்முவையும் குமரியையும் மட்டும் கண்டிருந்தால், வேற்றுமையே பெரிதாகத் தோன்றியிருத்தல் கூடும். ஓரினத்துள் வேறுபாடு எவ்வளவு என்று அளந்தவரே ஈரினங்களுக்கு இடைப்பட்ட வேறுபாட்டை மதிப்பிட வல்லார். ஒற்றைச் சுவடியைக் கண்டு பாடம் துணிபவரை எவர் மதிப்பர்?

இனி, பிரிந்துபோன உறவு ஒன்றையும் காண்போம். பசிபிக் பெருங்கடலிலுள்ள சமோவா, தொங்கா, பிஜி முதலிய தீவுகளில் அனனாசேயுடன் பல்லிடோசா என்னும் ஈயும் வாழ்கின்றது. நிறம் சற்று வெளிறியது; மற்றப்படி இரண்டையும் பிரித்தறிதல் அரிது. ஆய்வுக்கூடத்தில் கலந்து பிறக்கும் குஞ்சுகள் நலமாக வளர்ந்து இனம் பெருக்குகின்றன. ஆகவே இரண்டும் ஓரினமே எனக் கூறத் தோன்றும். ஆயின் இயற்கையில் அவை பெரும்பாலும் கலப்பதில்லை. ஆண் ஈ சிறகை அதிர்த்து எழுப்பும் ஒலி இனத்துக்கு இனம் வேறுபடுகின்றது. தன் இனத்து ஒலியன்றிப் பிறிதொன்றைப் பெண் ஈ ஏற்பதில்லை. ஆணின் சிறகை நீக்கிவிட்டால் அம்மறுப்பும் தளர்ந்துவிடுகின்றது! உருவத்தை மட்டும் ஒப்பிடுவோர் இதனை எங்ஙனம் அறிவர்? குஞ்சுகள் மலடல்ல என்பதொன்றையே பிடித்துக்கொண்டு இரண்டையும் ஓரினத்துள் அடைப்பது முறையன்று. இயற்கையிற் கலவாமையே இங்குப் பெருஞ்சான்று.

பெண் ஈயின் இத்தேர்வுக்குக் காரணம் யாதெனச் சப்பானிய அறிஞர்கள் தேடினர். இரண்டு இனங்களையும் கலந்து, வழித்தோன்றல்களின் மரபணு வேறுபாடுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டனர். இரண்டாம் குரோமோசோமில் உள்ள ஒரு சிறு பகுதியே அத்தேர்வைப் பெரிதும் ஆள்கின்றது என்று 2001இல் அறிவித்தனர்.