கருவி சாட்சி சொல்கிறது, கேட்பார் யார்?

"யந்திரம் பார்த்துக்கொள்ளும்" என்னும் வாக்கியம் இக்காலத்தில் ஒரு மந்திரம் போலாகிவிட்டது. ஆலைக் கழிவு ஆற்றில் கலக்கிறதா? கருவி பார்த்துக்கொள்ளும். குடிநீரில் குளோரின் தக்க அளவில் சேர்ந்ததா? கருவி பார்த்துக்கொள்ளும். விஞ்ஞானத்தின் இவ்வளர்ச்சிக்கு நாம் விரோதிகள் அல்லோம். ஆனால் பார்ப்பது வேறு. பார்த்ததைச் சொல்வது வேறு. சொன்னதைக் கேட்டு நடப்பது வேறு. முதற் காரியத்தை யந்திரத்தினிடம் ஒப்புவித்துவிட்டு, மற்ற இரண்டும் தாமே நிறைவேறிவிடும் என்று நம்பியிருப்பது பெருந்தவறு என்பதையே இன்று நம் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஓர் உத்தரவு பிறப்பித்தது. சர்க்கரை, சாராயம், காகிதம், தோல், உரம் முதலிய பெருமாசு விளைவிக்கும் 17 வகைத் தொழிற்சாலைகளும், பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் தத்தம் கழிவை இடைவிடாது அளக்கும் கருவிகளை அமைத்து, அக்கணமே அளவுகளை வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். கழிவு வெளியேறும் வாய்க்காலில் உணரிகள் அமர்த்தப்படுகின்றன. ஒன்று நீரின் அமிலத் தன்மையை அளக்கிறது. மற்றொன்று ஒளியைப் பாய்ச்சி, அது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதைக் கொண்டு அழுக்கின் அளவை மதிப்பிடுகிறது. வேறொன்று நீரோட்டத்தைக் கணக்கிடுகிறது. வரம்பு மீறினால் எச்சரிக்கைச் செய்தி தானே புறப்படுகிறது.

இதன் பயனை நாம் குறைத்துக் கூறோம். முன்பெல்லாம் வாரியத்து அதிகாரி என்றோ ஒரு நாள் பகலில் வந்து புட்டியில் நீர் எடுத்துப் போவார். அவர் வரும் நாளில் வாய்க்கால் தெளிந்திருக்கும். அவர் போன பின், மழை பெய்யும் நள்ளிரவில் மதகு திறக்கும். ஆற்றோரத்துக் குடியானவன் விடியற்காலையில் நுரையைக் கண்டு முறையிடும்போது, நீரோடு சாட்சியமும் ஓடிப்போயிருக்கும். கருவியோ உறங்குவதில்லை, அதற்கு விடுமுறையும் இல்லை, விருந்தும் இல்லை.

நொய்யலின் கதையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை நன்கு விளங்கும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயமுத்தூரையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் அந்நதி, சாயப்பட்டறைகளின் உப்பையும் நிறத்தையும் சுமக்கும் சாக்கடையாயிற்று. பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பயிரைக் காக்க வேண்டிய தன் கடமைக்கு மாறாகச் சாயக் கழிவின் கிடங்காய் நின்றது. கிணறுகள் உவர்ந்தன, நிலங்கள் வீணாயின. ஆயக்கட்டுக் குடியானவர்கள் ஹைகோர்ட்டை நாடினார்கள். 2006-ம் வருஷம் டிசம்பரில் ஹைகோர்ட் கடுமையான உத்தரவு பிறப்பித்தது. 2009 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் குடியானவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. கழிவு ஒரு துளியும் வெளியேறலாகாது என்ற நிபந்தனை நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடும்படி ஹைகோர்ட் கட்டளையிட நேர்ந்தது. குடியானவன் நிலத்தை இழந்தான்; பின்னர்த் தொழிலாளி வேலையை இழந்தான். ஒழுங்காய்ச் சுத்திகரித்த பட்டறைக்காரரும் ஒழுங்கற்றவரோடு சேர்ந்து தண்டனை அனுபவித்தார். எவர் எந்நேரத்தில் எவ்வளவு கழிவை விட்டார் என்பதற்கு நம்பத்தக்க கணக்கு அன்று நாள்தோறும் இருந்து, அதன்மீது நாள்தோறும் நடவடிக்கையும் இருந்திருக்குமானால், குற்றவாளியை மட்டும் பிரித்தெடுத்துத் தண்டித்திருக்கலாம் அன்றோ?

இங்கேதான் சட்டத்தின் குறையொன்று குறுக்கிடுகிறது. நீர் மாசுத் தடுப்புக்கென இயற்றப்பட்ட 1974-ம் வருஷத்துச் சட்டத்தின் 21-வது பிரிவைப் படித்துப் பார்க்கும்படி நேயர்களை வேண்டுகிறோம். அதிகாரி ஆலைக்காரருக்கு அவ்விடத்திலேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரு பங்காக்க வேண்டும். முத்திரையிட்டு இருவரும் கையொப்பமிட வேண்டும். பிறகு சோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும். இம்முறை வழுவி எடுத்த மாதிரியின் முடிவு எந்த நியாயஸ்தலத்திலும் சாட்சியமாகாது. குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குப் பாதுகாப்பளிக்கும் இவ்விதியை நாம் பழிக்கவில்லை. நிரபராதியைக் காக்கும் விதி எதுவாயினும் அது போற்றத்தக்கதே. ஆயினும் விளைவென்ன? நள்ளிரவு 2 மணிக்குக் கருவி கூக்குரலிடுகிறது. அதிகாரி மறுநாளோ மறுவாரமோ புட்டியுடன் வருகிறார். அப்போது வாய்க்காலில் ஓடுவது வேறு நீர். புட்டி நிரபராதி என்கிறது. கருவி குற்றவாளி என்கிறது. சட்டமோ புட்டியின் கட்சியில் நிற்கிறது!

இதனிடையே 2024-ம் வருஷத்தில் பார்லிமெண்டு நிறைவேற்றிய திருத்தச் சட்டம், முன்பு சிறைத் தண்டனைக்குரியனவாய் இருந்த பல மீறல்களுக்குச் சிறையை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்தது. முதலில் இமாசலப் பிரதேசம், ராஜஸ்தானம் ஆகிய மாகாணங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் அமலாகும் இச்சட்டம், மற்ற மாகாணங்கள் சட்டசபையில் தீர்மானித்து ஏற்கத்தக்கதாய் உள்ளது. பெரிய ஆலைக்கு இத்தொகை தொழிற் செலவுகளில் ஒன்றாய் முடியக்கூடும். தண்டனை இளகும்போது கண்காணிப்பாவது இறுக வேண்டாமா?

இனி, கருவியும் பொய் சொல்லக் கூடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. உணரியைத் தூய நீரில் அமிழ்த்தி வைத்தால் அது தூய நீரையே அளக்கும். உணரி இருக்கும் வாய்க்காலை விட்டு வேறு வழியாய்க் கழிவை விட்டால் அது ஒன்றும் அறியாது. பாசி படிந்த உணரியைத் துடைத்துச் சரிபாராவிடில் அதன் சொல் பிதற்றலாகும். கருவியை வாங்குபவர் ஆலைக்காரர். பராமரிப்பவருக்குக் கூலி கொடுப்பவரும் அவரே. தன்னைப் பற்றிச் சாட்சி சொல்பவனுக்குத் தானே சோறு போடுவது எந்த நியாய சாஸ்திரத்துக்குப் பொருந்தும்?

அன்னிய தேசங்களின் அனுபவமும் இதையே போதிக்கிறது. 2000-ம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவின் மரூச்சி பிரதேசத்தில், மனக்கசப்புற்ற ஒருவன் ரேடியோ மூலம் கழிவுநீர் யந்திரங்களுக்குக் கள்ள ஆணைகள் அனுப்பினான். சுமார் 8 லட்சம் லிட்டர் சாக்கடை நீர் ஓடைகளிலும் பூங்காக்களிலும் பாய்ந்தது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மார் நகரத்துக் குடிநீர் நிலையத்தில், காரப் பொருளின் அளவு பத்து லட்சத்துக்கு 100 பங்கென்பது 11,100 என மாற்றப்பட்டது. அது வெளியாரின் சூழ்ச்சி என்று முதலிற் கூறப்பட்டது. ஊழியரின் கைப்பிழையே என்ற பேச்சும் பின்னர் எழுந்தது. எதுவாயினும், திரையின் முன் அமர்ந்திருந்த ஒரு மனிதன் அதைக் கண்டு அப்பொழுதே திருத்தினான் என்பது கவனிக்கத்தக்கது. ஊர் பிழைத்தது மனிதனின் கண்ணால்.

நமது தேசத்தின் படிப்பினை இவற்றினும் கொடியது. 1984 டிசம்பரில் போபாலில் அழுத்தமானி உயர்வைக் காட்டத்தான் காட்டிற்று. ஆனால் அவ்வாலையிற் கருவிகள் அடிக்கடி பழுதுபட்டுக் கிடந்தமையால், தொழிலாளர் அவற்றை நம்பும் வழக்கத்தை இழந்திருந்தனர். நச்சுப் பொருளைக் குளிர்விக்கும் சாதனம் மாதக்கணக்காய் நிறுத்தப்பட்டிருந்தது. பல்லாயிரம் ஏழைகளின் வாழ்வு அவ்விரவில் அழிந்தது. பராமரிக்கப்படாத கருவி, கருவி இல்லாமையைக் காட்டிலும் ஆபத்தானது. ஏனெனில் அது மெய்யையும் நம்பாதிருக்கப் பழக்கிவிடுகிறது.

முதலாளிமார் சொல்வதையும் கேட்போம். உணரிகள் விலை உயர்ந்தவை. அவை காட்டும் அளவு சில நேரம் சோதனைச் சாலை அளவோடு ஒவ்வாது. ஒரு மின்தடையாலும் பொய் எச்சரிக்கை எழலாம் என்கின்றனர். இதில் உண்மை உண்டு. சோதனைச் சாலையில் 3 நாள் வைத்துப் பார்க்கும் உயிர்வளித் தேவையை ஒளிக்கருவி ஒரு கணத்தில் ஊகித்துச் சொல்கிறது. ஊகத்தை மட்டும் கொண்டு ஒருவனைத் தண்டித்தல் நீதியாகாது. ஆனால் இக்குறைக்குப் பரிகாரம் கருவியைச் செவிடாக்குவதன்று. அதன் கூக்குரலைப் பரிசோதனைக்குத் தொடக்கமாகக் கொள்வதேயாம்.

ஆகவே நாம் கோருவன நான்கு. வரம்பு மீறியதாகக் கருவி காட்டிய மாத்திரத்தில், வாய்க்காலின் நீரைத் தானே எடுத்து முத்திரையுடன் பூட்டி வைக்கும் சாதனம் அமைக்கப்பட வேண்டும். அம்மாதிரியைச் சாட்சியமாக ஏற்கும்படி 21-வது பிரிவு திருத்தப்பட வேண்டும். கருவிகளைச் சரிபார்ப்போர் ஆலைக்காரரால் அன்றி, ஆலைகள் யாவும் செலுத்தும் பொது நிதியிலிருந்து வாரியத்தால் நியமிக்கப்பட வேண்டும். கருவி மௌனமான நேரங்களுக்கு ஆலைக்காரரே காரணம் காட்ட வேண்டும். காட்டக்கூடிய சாட்சியத்தைக் காட்டாதவனுக்கு அது பாதகமானதென்று அனுமானிக்கலாம் என்பது 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 114-வது பிரிவு விளக்கம். அது 2023-ம் வருஷத்துப் புதுச் சட்டத்திலும் நிலைத்திருக்கிறது. மனிதச் சாட்சிக்குரிய அந்நியாயம் யந்திரச் சாட்சிக்கும் உரியதாகட்டும்.

நான்காவது கோரிக்கையே தலையாயது. அளவுகளைப் பொது ஜனங்கள் காணும்படி வெளியிட வேண்டும் என்று 2017 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் கட்டளையிட்டிருக்கிறது. வெறும் எண்களை இன்டர்நெட்டில் கொட்டுவது வெளியிடுதல் ஆகாது. ஆற்றோரத்துக் கிராமத்தின் பஞ்சாயத்துச் சாவடியில், நேற்றிரவு எந்த வாய்க்காலில் வரம்பு மீறியது, எத்தனை மணி நேரம் மீறியது, வாரியம் என்ன செய்தது என்பது தமிழில் எழுதப்பட வேண்டும். இன்றைய எண் மட்டும் போதாது. சென்ற வருஷத்து எண்ணும் கேட்டால் கிடைக்க வேண்டும்.

தேசத்தொண்டில் ஈடுபட்ட இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டம் போட்டுக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுவது எளிது. உங்கள் ஊர் ஆற்றில் எந்த ஆலையின் வாய் திறக்கிறது, அங்கே கருவி உண்டா, அது என்ன சொல்கிறது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேட்டு, மாதந்தோறும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். உணரி உறங்காதிருப்பதால் மட்டும் நதி பிழைக்காது. அதனருகே வாழும் ஜனங்களும் விழித்திருத்தல் வேண்டும்.