விண்ணப்பக் குவியல் ஒப்புதல் ஆகாது



வீரர்களை நான்கு ஆண்டுப் பணிக்குச் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தின் முதல் ஆள்சேர்ப்புக்கு 7,49,899 விண்ணப்பங்கள் வந்ததாக 2022 ஜூலை முதல் வாரத்தில் இந்திய விமானப்படை அறிவித்தது. அதற்கு முன் எந்தச் சுற்றிலும் வந்த உச்ச எண்ணிக்கை 6,31,528. நிரப்பவிருந்த இடங்கள் ஏறத்தாழ மூவாயிரம். திட்டத்தை எதிர்த்த போராட்டங்களில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் ரயில் பெட்டிகள் எரிக்கப்பட்டு, செகந்திராபாத் ரயில் நிலையத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு இளைஞர் இறந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. எதிர்ப்பெல்லாம் அடங்கி இளைஞர்கள் திட்டத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதற்கு அந்த எண்ணிக்கையே சான்றாகக் காட்டப்பட்டது. திட்டத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இன்றும் அதே வாதம் திரும்ப வருகிறது. அந்த வாதம் தவறானது. அதை மறுத்தாக வேண்டும்.

ரயில்வேயின் தொழில்நுட்பம் சாராத பணிகளில் சுமார் 35,000 இடங்களுக்கு ஒன்றேகால் கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள். அதைக் கண்டு ரயில்வேயின் தேர்வு முறையை நாடே மெச்சுகிறது என்று எவரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அந்தத் தேர்வின் முடிவை எதிர்த்துத்தான் 2022 ஜனவரியில் பீகார் கொந்தளித்தது. வேலை அரிதான காலத்தில் வரிசையின் நீளம் தேவையின் அளவைக் காட்டும். வரிசையில் நிற்பவர்கள் நிபந்தனைகளைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை அது காட்டாது.

ஒருவர் ஏன் படையில் சேர்கிறார் என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையிலும் காசிப்பூர் மாவட்டத்துக் கஹ்மரிலும் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் போகிறது. அங்கெல்லாம் சீருடைக்கு இருக்கும் மதிப்பு உண்மையானது. அதே வீடுகளில் இன்னொரு கணக்கும் உண்டு. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்தவருக்கு, சிபாரிசும் கையில் முதலும் இல்லாத நிலையில், நாலு பேரோடு ஓடி 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடித்தால் கதவு திறக்கும் வேலை வேறெது? அக்னிபத்துக்கு முன் அது தந்தவை: மாதம் தவறாத சம்பளம், குடும்பத்துக்கு மிலிட்டரி ஆஸ்பத்திரி, கேன்டீன் அட்டை, பதினைந்து ஆண்டுப் பணி முடிந்தால் ஆயுளுக்கும் பென்ஷன், நாற்பது வயதுக்குள் ஊர் திரும்பி வங்கியிலோ ஏடிஎம் வாசலிலோ இன்னொரு வேலை. தங்கை திருமணமும் வீட்டுக் கடனும் இந்தக் கணக்கை நம்பித்தான் நகர்ந்தன. நாட்டுப்பற்றும் வயிற்றுப்பாடும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது நேர்மையாகாது. கேள்வி கேட்டால் நாட்டுப்பற்று குறைவு என்று வாயை அடைப்பது அதைவிட மோசம்.

பொருளாதாரம் சரியும்போது ஆள்சேர்ப்பு எளிதாவது இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1973இல் கட்டாய ராணுவச் சேவை முடிந்தது. அதன் பிறகு எல்லாப் படைப்பிரிவுகளும் எண்ணிக்கையிலும் தகுதியிலும் இலக்கை முழுமையாக எட்டிய முதல் ஆண்டு 2009. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்துகொண்டிருந்தது. உள்நாட்டில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. வேலைச் சந்தை இதற்கு உதவியதை ராணுவத் தலைமையகம் மறைக்கவில்லை. 2022இல் வேலையின்மை மூன்றரைச் சதவீதத்தை ஒட்டி இறங்கியபோது அந்நாட்டுத் தரைப்படை தன் இலக்கில் சுமார் 15,000 பேர் குறைவாகவே சேர்க்க முடிந்தது. ஆள் வராதபோது அங்கே ஊக்கத்தொகையைக் கூட்டினார்கள். இங்கே ஆள் குவிந்ததால் நிபந்தனைகளைக் குறைக்க முடிந்தது.

அந்தக் குவிப்பு எப்படி உருவானது என்பதையும் பார்க்க வேண்டும். தரைப்படை 2019-20இல் 80,572 பேரைச் சேர்த்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில், கொரோனாவைக் காரணம் காட்டி, ஒருவரைக்கூடச் சேர்க்கவில்லை. அதே காலத்தில் தேர்தல் கூட்டங்கள் நடந்தன, கும்பமேளா நடந்தது. ராணுவ ஆள்சேர்ப்பு மட்டும் முழுமையாக நடக்கவில்லை. ஊரடங்கில் நகரத்து வேலை போய் ஊர் திரும்பிய லட்சக்கணக்கானோரின் வீடுகளில், மகனுக்கு மிலிட்டரியிலாவது இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை வளர்ந்தது அப்போதுதான். ஓட்டத்திலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறி, எழுத்துத் தேர்வுக்காகக் காத்திருந்தவர்களும் பலர். 2022 ஜூன் 14 அன்று திட்டம் அறிவிக்கப்பட்டபோது அவர்களின் தேர்ச்சி செல்லாமல் போனது. முதலிலிருந்து விண்ணப்பிக்கும்படி சொல்லப்பட்டது. 21 என்றிருந்த வயது வரம்பு, கலவரத்துக்குப் பின், அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் 23 ஆனது. பழைய தேர்வை முடித்துத்தரக் கேட்டவர்களின் வழக்கை டெல்லி உயர் நீதிமன்றமும், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. சட்டப்படி அரசுக்கு அந்த உரிமை இருக்கலாம். செய்தது நியாயமா என்ற கேள்வி அத்துடன் தீர்ந்துவிடாது.

ரயிலைக் கொளுத்தியதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதற்கு மறுமொழியாக, போராட்டத்தில் கலந்துகொள்ளவில்லை என்று ஒவ்வொரு விண்ணப்பதாரரும் உறுதி தர வேண்டும், போலீஸ் சரிபார்க்கும் என்று அறிவித்த பிறகு வந்த விண்ணப்பங்களை மனமுவந்த ஆதரவு என்று எண்ணுவது வேடிக்கை.

இனி நிபந்தனைகள். பதினேழரை வயதுமுதல் சேர்க்கப்படும் அக்னிவீரருக்குப் பணிக்காலம் பயிற்சியையும் சேர்த்து நான்கு ஆண்டுகள். முதல் ஆண்டில் மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டில் 40,000. அதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடிக்கப்படுவதால் முதல் ஆண்டில் கைக்கு வருவது 21,000. பிடித்தது நான்கு ஆண்டில் 5.02 லட்சம், அரசு அதே அளவு போடுகிறது, வட்டியுடன் 11.71 லட்சம் என்பதுதான் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் தொகை. அதில் ஏறத்தாழப் பாதி அவருடைய சொந்தச் சம்பளம். முழுத் தொகையையும் செலவே செய்யாமல் ஏழு சதவீத வட்டிக்குப் போட்டாலும் மாதம் சுமார் 6,800 ரூபாய்தான் வரும். பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. ஆகவே கேன்டீனும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும் இல்லை. நால்வரில் அதிகபட்சம் ஒருவர் மட்டுமே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார். முதல் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட 46,000 பேரில், அந்தக் கணக்குப்படி, 34,500 பேர் வெளியே வர வேண்டும்.

அரசின் தரப்பில் இரண்டு வாதங்கள் உண்டு. இரண்டும் அலட்சியப்படுத்தத் தக்கவை அல்ல. 2022-23இல் 5.25 லட்சம் கோடி ரூபாய்ப் பாதுகாப்பு நிதி ஒதுக்கீட்டில் பென்ஷனுக்கு மட்டும் சுமார் 1.2 லட்சம் கோடி போயிற்று. அடுத்தது வயது: மலை உச்சியில் போரிடும் படையின் சராசரி வயதை 32இலிருந்து 26க்குக் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள். இதற்குக் கார்கில் மறுஆய்வுக் குழுவின் அறிக்கை துணைக்கு அழைக்கப்படுகிறது. அந்தக் குழு இளமையான படையைப் பரிந்துரைத்தது உண்மைதான். அது சொன்ன பணிக்காலம் ஏழு முதல் பத்து ஆண்டுகள். அதன் பின் வீரர்களைத் துணை ராணுவப் படைகளுக்கு மாற்ற வேண்டும் என்பது அதே பரிந்துரையின் மறுபாதி. அரசு ஏழு ஆண்டை ஏறத்தாழப் பாதியாக வெட்டி நான்காக்கியது, மறுபாதியைப் பத்து சதவீத ஒதுக்கீடாகச் சுருக்கியது. 1976க்கு முன் ஏழு ஆண்டுப் படைப்பணியும் எட்டு ஆண்டு ரிசர்வும் இருந்த காலத்தில்கூட, பதினைந்து ஆண்டு முடிவில் சிறியதாக ஒரு பென்ஷன் இருந்தது. குறுகிய பணிக்காலம் புதிய கண்டுபிடிப்பல்ல, கைவிடுவதுதான் புதிது.

ஒதுக்கீடு என்ற சொல் ஆறுதல் தரலாம். கடந்தகால அனுபவம் தரவில்லை. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீதம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2021 ஜூன் நிலவரப்படி, தகவல் தந்த துறைகளில் அவர்களின் பங்கு 1.29 சதவீதம். முழுத் தகுதி பெற்ற முன்னாள் ஜவான்களுக்கே இந்த நிலை என்றால், அந்தத் தகுதியே இல்லாத 22 வயது அக்னிவீரர் எந்த நம்பிக்கையில் ஊர் திரும்புவார்? கல்லூரிக்குப் போக வேண்டிய வயதும் தொழில் பழக வேண்டிய வயதும் அந்த நான்கு ஆண்டுகளில்தான் கழிந்திருக்கும்.

மரணத்திலும் வேறுபாடு தொடர்கிறது. ஒரே பதுங்குகுழியில் ஒரே குண்டுக்கு இருவர் பலியானால், ஜவானின் குடும்பத்துக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு, அக்னிவீரரின் குடும்பத்துக்கு இல்லை. 48 லட்சம் காப்பீடும் 44 லட்சம் கருணைத்தொகையும் சிறு தொகை அல்ல. ஆனால் மொத்தத் தொகை ஒரு முறை வந்து தீர்ந்துவிடுவது. இளம் மகனை இழந்த பெற்றோருக்கு அதன் பின் வருவது வெறும் ஆண்டுகள். இந்த வேறுபாட்டை நீக்க வேண்டும் என்று நாடாளுமன்றப் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவே 2024இல் பரிந்துரைத்தது.

நேபாளத்தின் நிலை இங்கே குறிப்பிடத்தக்கது. 1947இன் முத்தரப்பு ஒப்பந்தப்படி கூர்க்கா படையணிகளுக்கு ஆள் அனுப்பிவந்த அந்நாடு, நான்காண்டு நிபந்தனை ஒப்பந்தத்தில் இல்லாதது என்று கூறி 2022இல் ஆள்சேர்ப்பை நிறுத்திவைக்கச் சொன்னது. நேபாள இளைஞர்களுக்கும் அந்த வேலை தேவைதான். அவர்கள் சார்பில் பேரம் பேச ஓர் அரசு இருந்தது. பீகாரிலும் வேலூரிலும் 250 ரூபாய் கட்டித் தேர்வு எழுதும் இளைஞரிடம், வேண்டுமானால் வா, வேண்டாவிட்டால் போ என்று சொல்வதே அவருடைய அரசுதான்.

முதல் அணியினரின் நான்கு ஆண்டுகள் 2026 இறுதியில் முடியத் தொடங்குகின்றன. அதற்குள் நிரந்தரப் பணிக்கான விகிதம் 25 சதவீதத்திலிருந்து கணிசமாக உயர வேண்டும். வெளியேறுவோருக்கு முன்னாள் படைவீரர் தகுதியும் மருத்துவ வசதியும் கிடைக்க வேண்டும். பணியில் இறப்போரின் குடும்பங்களுக்கு இடையிலான வேறுபாடு, நிலைக்குழு சொன்னபடி, நீங்க வேண்டும். வெளியேறியவர்களில் எத்தனை பேருக்கு எந்தத் துறையில் வேலை கிடைத்தது என்பதை ஆண்டுதோறும் மாநில வாரியாக நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். விண்ணப்ப எண்ணிக்கையை வெளியிடுவதில் காட்டிய வேகத்தை இந்தக் கணக்கிலும் காட்டுவது அரசுக்குக் கடினமாக இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேலூர் மாவட்டம்.