பச்சையா, பிங்க்கா, ஊதாவா? ஐரோப்பிய கார்களுக்கு எந்த கூலன்ட் சரி?

வெயில் ஏற ஏற, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாலையோரம் நிற்கும் கார்களும் அதிகமாகும். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "கூலன்ட் கம்மியா இருக்கு சார், அதே கலர்ல ஊத்திடலாம்" என்பார்கள். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, பிஎம்டபிள்யூ, ரெனால்ட் என ஐரோப்பிய பிராண்டு கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு வரி பெரிய செலவாக முடியலாம். ஏன் என்று பார்ப்போம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

ஐரோப்பிய கார் என்றால் பங்களா வாசலில்தான் நிற்கும் என்ற காலம் போய்விட்டது. பிஎம்டபிள்யூ 2007 முதல் சென்னைக்கு அருகே கார்களை அசெம்பிள் செய்கிறது. ரெனால்ட் கார்கள் ஒரகடத்தில் தயாராகின்றன. சிட்ரோயன் சி3 திருவள்ளூரில் இருந்து வருகிறது. பழைய கார் சந்தையிலும் இவற்றுக்கு நல்ல கிராக்கி.

பிரச்னை ஆரம்பிப்பது வாரன்ட்டி முடிந்த பிறகுதான். கம்பெனி சர்வீஸ் சென்டரை விட்டு, தெருமுனை மெக்கானிக்கிடம் கார் போகும்போது எந்த கூலன்ட் ஊற்றுவது என்ற முடிவு பெரும்பாலும் பாட்டிலின் கலரைப் பார்த்தே எடுக்கப்படுகிறது.

வெறும் தண்ணி போதாதா?

'சென்னையில எங்க பனி உறையுது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தண்ணீரும் எத்திலீன் கிளைகாலும் சரிபாதி கலந்த கூலன்ட், மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. அது நமக்குத் தேவையில்லை. ஆனால், அதே கலவையின் கொதிநிலை சாதாரண அழுத்தத்திலேயே சுமார் 107 டிகிரி. மூடிய ரேடியேட்டரின் அழுத்தத்தில் இன்னும் அதிகம். இது நமக்குத் தேவை.

அதைவிட முக்கியம், அதில் சேர்க்கப்படும் துருத்தடுப்பு ரசாயனங்கள். இன்ஜினுக்குள் அலுமினியம், இரும்பு, ரப்பர் சீல் எல்லாம் ஒரே திரவத்தில் நனைந்தபடி இருக்கின்றன. இவற்றை அரிக்காமல் காப்பது அந்த ரசாயனங்கள்தான். கூலன்ட்டுக்கு கூலன்ட் மாறுவதும் அதுதான்.

கம்பெனிக்கு கம்பெனி ஏன் மாறுது?

இதன் பின்னணியில் இருப்பது தண்ணீர். ஐரோப்பாவின் பல பகுதிகளில் உப்புத்தன்மை கொண்ட கடின நீர். கூலன்ட்டில் பாஸ்பேட் இருந்தால், அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிமமாகிவிடும். அதனால் ஐரோப்பிய நிறுவனங்கள் பாஸ்பேட்டைத் தவிர்த்து, சிலிகேட் அல்லது கரிம அமிலங்களை நம்பின. ஜப்பான் நிறுவனங்கள் இதற்கு நேர் எதிர். வாட்டர் பம்ப் சீல் தேயும் என்று சிலிகேட்டைத் தவிர்த்து, பாஸ்பேட்டைப் பயன்படுத்தின.

நம்ம ஊர் போர்வெல் தண்ணீர் எப்படி என்று சொல்லவே வேண்டாம். பக்கெட்டில் வெள்ளையாகப் படியும் அதே உப்புதான் ரேடியேட்டருக்குள்ளும் படியும்.

கலரை நம்பலாமா?

கூடாது. கலர் என்பது வெறும் சாயம். எந்த ரசாயனத்துக்கு எந்த நிறம் என்று உலகப் பொது விதி எதுவும் இல்லை. டொயோட்டாவின் கூலன்ட்டும் பிங்க், ஃபோக்ஸ்வேகனின் ஜி12 வகையும் பிங்க். முன்னதில் பாஸ்பேட் உண்டு, பின்னதில் கிடையாது. ஃபோக்ஸ்வேகனிலேயே ஜி12 பிளஸ், ஜி12 பிளஸ் பிளஸ், ஜி13 மூன்றுமே ஊதா. பிஎம்டபிள்யூ பல ஆண்டுகள் நீல நிற கூலன்ட்டைப் பயன்படுத்திவிட்டு, புதிய கார்களில் பச்சை நிற எச்டி-12க்கு மாறியிருக்கிறது. சந்தையில் கிடைக்கும் சாதாரண பழைய ரக கூலன்ட்டும் பச்சைதான்!

மாத்தி ஊத்தினா என்ன ஆகும்?

உடனே ஒன்றும் ஆகாது. சிக்கலே அதுதான். ஒத்துப்போகாத ரசாயனங்கள் ஒன்றின் பாதுகாப்பை மற்றொன்று கெடுக்கும். சில கலவைகள் கூழ் போலத் திரண்டுவிடும். ஃபோக்ஸ்வேகனின் பழைய ஜி11ஐயும் ஜி12ஐயும் கலந்தால் கூலன்ட் பழுப்பாக மாறுவது இதற்குப் பிரபலமான உதாரணம். ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்கள் அடைபட்டு, இன்ஜின் சூடேறி, ஹெட் கேஸ்கெட் போகும்போது மாதங்கள் கடந்திருக்கும். அன்றைக்கு ஊற்றிய அரை லிட்டர் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அப்போ எப்படித் தேர்ந்தெடுப்பது?

* ஓனர்ஸ் மேனுவலில் உள்ள குறியீட்டைப் பாருங்கள். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி கார்களுக்கு 'டிஎல் 774' என்ற எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். 'ஜே' என்றால் ஜி13, 'எல்' என்றால் ஜி12 ஈவோ. மெர்சிடிஸுக்கு 'எம்பி 325' அல்லது '326' வரிசை. பல ரெனால்ட் கார்களுக்கு 'டைப் டி'.

* எண் பெரிதாக இருந்தால் புதியது என்று நினைக்க வேண்டாம். பிஏஎஸ்எஃப் நிறுவனத்தின் ஜி48 என்பது ஃபோக்ஸ்வேகனின் பழைய ஜி11க்கு இணையானது. இரண்டும் வேறு வேறு பெயரிடும் முறைகள்.

* ஷோரூம் பாட்டில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. அதே குறியீட்டுக்கு கார் நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற வெளி பிராண்டும் போதும். 'ஒப்புதல் பெற்றது' என்பது வேறு, 'எல்லா கார்களுக்கும் ஏற்றது' என்பது வேறு. இரண்டாவதை எந்த கம்பெனியும் தன் பாட்டிலில் அச்சடித்துக்கொள்ளலாம். ஜேஐஎஸ் போன்ற பொதுத் தரக் குறியீடு மட்டும் இருந்தாலும் போதாது.

* கான்சன்ட்ரேட் வாங்கினால் குழாய்த் தண்ணீர் கலக்காதீர்கள். மினரல் நீக்கிய டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே.

* செகண்ட் ஹேண்ட் காரில் முன்பு என்ன ஊற்றினார்கள் என்று தெரியாவிட்டால், டாப்-அப் வேண்டாம். முழுவதும் ஃபிளஷ் செய்து புதிதாக நிரப்புவதே பாதுகாப்பு.

நடுரோட்டில் கம்மியானால்?

இன்ஜின் நன்றாக ஆறும் வரை மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் திரவம் முகத்தில் பீறிட்டு அடிக்கும். ஆறிய பிறகு, ஏதோ ஒரு கூலன்ட்டை ஊற்றுவதைவிட கொஞ்சம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது மேல். பிறகு சர்வீஸில் கலவையின் அளவைச் சரிசெய்துகொள்ளலாம்.

இன்னொன்று, கூலன்ட் பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அடுத்த முறை சர்வீஸ் பில்லில் வெறுமனே 'கூலன்ட்' என்று மட்டும் போட்டிருந்தால் விடாதீர்கள். எந்த பிராண்டு, எந்தக் குறியீடு என்று எழுதி வாங்குங்கள்.