எஸ்டெவன் பூங்காவுக்கு உரிய பங்கு

கனடாவின் சாஸ்கட்சுவான் மாகாணத்தில், அமெரிக்க எல்லைக்கு அருகே, புல்வெளிகளுக்கு நடுவே இருக்கிறது எஸ்டெவன். மக்கள்தொகை சுமார் 11,000. பழுப்பு நிலக்கரிதான் இந்த ஊருக்குச் சோறு போட்டது. 1931 செப்டம்பர் 29 அன்று, வேலைநிறுத்த ஊர்வலம் வந்த சுரங்கத் தொழிலாளர்கள்மீது போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தனர். அப்படி ரத்தம் சிந்திய ஊரில் இன்று குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் கூடும் இடம், சூரிஸ் ஆற்றங்கரையிலுள்ள வுட்லான் வட்டாரப் பூங்கா.

பக்கத்திலேயே பவுண்டரி அணை நீர்த்தேக்கம். அங்குள்ள நிலக்கரி அனல்மின் நிலையத்தைக் குளிர்வித்த வெந்நீர் திரும்பி வந்து கலப்பதால், ஏரிகளெல்லாம் பாறையாக உறையும் குளிர்காலத்திலும் இங்கே தண்ணீர் அலையடிக்கும். அந்த வெதுவெதுப்பில்தான் தெற்கத்தி மீனான பெருவாய் பாஸ் வளர்கிறது. கோடையில் அதே கரையில் பிள்ளைகள் மணலில் புரள்கிறார்கள்.

நிலக்கரி மின்சாரம் இன்னும் எத்தனை ஆண்டு என்பதில் ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசுக்கும் ரெஜைனாவிலுள்ள மாகாண அரசுக்கும் இழுபறி. அது எப்படியும் முடியட்டும். சுரங்கம் மூடினால் ஊரில் இளம் குடும்பங்களைத் தக்கவைக்க வேலை மட்டும் போதாது. மாலையில் பிள்ளைகளை அழைத்துப்போக ஓர் இடமும் வேண்டும். 2011இல் சூரிஸ் பெருவெள்ளம் காட்டியதுபோல, ஆற்றங்கரைப் பூங்காவைப் பராமரிப்பது செலவு பிடிக்கும் காரியம். ஊராரின் நன்கொடையை மட்டும் நம்பியிருக்க முடியாது.

நிலக்கரிக்காக வாங்கும் உரிமத்தொகையில் ஒரு பங்கை இந்தப் பூங்காவுக்கென்றே மாகாண அரசு நிரந்தரமாக ஒதுக்க வேண்டும். சுரங்கம் ஓடும்போதே அதைச் செய்ய வேண்டும்.